விடலாம்

அந்த நாட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டால் சிக்கல். நடுக்கடலில் மிதக்கும் மேடைகளைப் பாலங்களால் கோத்துக் கட்டிய நாடு அது. அங்கே வாழும் தமிழர்கள் அதைத் தெப்பம் என்பார்கள். மலாய்க்காரர்கள் வேறொரு பெயர் சொல்வார்கள், வங்காளிகள் இன்னொன்று, சுவாஹிலி பேசுகிறவர்கள் மற்றொன்று. முன்பு இந்த நான்கும் அலுவல் மொழிகளாக இருந்தன. நான்குக்குள் தகராறு வந்தால் மலாய்ப் பிரதியில் இருப்பதே முடிவு என்று ஒரு விதியும் இருந்தது. பிறகு ஒரு நாள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அலுவல் மொழி என்று ஒன்றும் வேண்டாம், எல்லா மொழியும் சமம் என்று மக்கள் சொன்னதாகக் கணக்கு வந்தது. அன்றோடு நாட்டின் பெயரும் போயிற்று. பெயரில்லாமல் ஒரு நாடு நடக்குமா என்றால், நடக்கத்தான் செய்தது. சில கதவுகள் மட்டும் திறக்கவில்லை.

அப்படித் திறக்காத ஒரு கதவுக்கு உள்ளே இருந்தாள் அமலோற்பவம். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய கடற்கரைக்காரர்களின் மகள். கோபம் முந்தி வரும், சிரிப்பும் முந்தி வரும். ஒரு கப்பலின் சரக்கை இறக்கி முடித்த பிறகு, அந்தக் கப்பல் ஆட்களுக்குத் தொற்றுக் காய்ச்சல் என்று தெரிந்தது. சரக்கைத் தொட்டவர்கள், தொடாதவர்கள் எல்லாரையும் கொண்டுபோய் ஒதுக்கு விடுதியில் வைத்தார்கள். அவள் சரக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை, உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து விசையைத் தள்ளியவள். "காய்ச்சல் ஏணி வச்சா ஏறி வரும்?" என்று கேட்டுப் பார்த்தாள். அவளையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

காய்ச்சல் அவளுக்கு வரவில்லை, விடுதியில் இருந்த மற்றவர்களுக்கும் வரவில்லை. காத்திருக்கவேண்டிய நாட்கள் முடிந்ததும் விடுதியின் டாக்டர் தாட்சாயணி எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தார். சுவரிலிருந்த கேட்பானை நோக்கி, "எல்லாருக்கும் சுத்தமா இருக்கு. இவங்கள விடலாம்" என்றார்.

அமலோற்பவம் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தில் மஞ்சள் எரிந்தது.

கேட்பான் என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அறையிலும் சுவரில் பதித்திருக்கும் இயந்திரம். தமிழர்கள் வைத்த அந்தப் பெயர் நன்றாகப் பொருந்தியது, ஏனென்றால் கேள்வி கேட்பதும் அதுதான், காது கொடுத்துக் கேட்பதும் அதுதான். உப்பு தீர்ந்துவிட்டது என்றால் உப்பை வரவழைக்கும். குழந்தை பால் கேட்டால் பால், பொம்மை கேட்டால் பொம்மை. சர்க்கார் மக்களிடம் கருத்துக் கேட்பதும் அதன் வழியாகத்தான். யார் எந்த மொழியில் பேசினாலும் அதை அந்த நொடியே நாட்டிலுள்ள மற்ற மொழிகளுக்கெல்லாம் மாற்றிவிடும். மாற்றியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் ஒத்துப்போனால் பச்சை. ஒன்றோடொன்று முட்டினால் மஞ்சள். மஞ்சள் எரிந்துவிட்டால், சொன்னது உத்தரவாகாமல் அந்தரத்தில் நிற்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க டாக்டர்?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

"விடலாம்னு சொன்னேன்."

"விடலாம்னா விடுன்னுதான அர்த்தம்?"

"நமக்கு அதுதான். மலாய்ல அது 'விடுவதற்கு அனுமதி உண்டு'ன்னு போயிருக்கு. வங்காளத்துல 'விட வாய்ப்பிருக்கிறது'ன்னு. சுவாஹிலியில 'வாருங்கள், விடுவோம்'னு." டாக்டர் தாட்சாயணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அனுமதின்னா வேற, வாய்ப்புன்னா வேற இல்லையா. அதான் முட்டிக்கிச்சு."

"இதுல எது சரி?"

"மூணுமே சரி. நம்ம 'லாம்'ல மூணும் இருக்கு. நாம பேசும்போது எதுன்னு நமக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத் தெரியல. முன்னாடின்னா மலாய்ல இருக்கறதுதான் முடிவுன்னு கதவைத் திறந்திருப்பாங்க. இப்ப எந்த மொழியும் எந்த மொழிக்கும் மேல இல்ல."

"சரி, மாத்திச் சொல்லுங்க. 'விடு'ன்னு ஒத்தச் சொல்லாச் சொல்லிப்போடுங்க."

"ஒரு உத்தரவு நிலுவையில இருக்கறப்ப அதே ஆளுங்களைப் பத்தி இன்னொண்ணு ஏறாது. அதனால பழசைத் திரும்ப வாங்கிக்கலாம்னு போனேன்."

"போயி?"

டாக்டர் வேறு பக்கம் பார்த்தார். "'பழைய உத்தரவை எடுத்துடலாம்'னு சொல்லிட்டேன்."

திட்டுவதற்காகத் திறந்த வாயை அமலோற்பவம் மூடிக்கொண்டாள். திட்டி என்ன செய்வது? நல்லபடியாக வளர்ந்த வாய் அப்படித்தான் பேசும். எடு, விடு, திற என்று சுவரைப் பார்த்து அதட்ட அந்த அம்மாளுக்கு வராது. இப்போது இரண்டு உத்தரவுகள் அந்தரத்தில் நின்றன. ஒன்று தெளிந்தால்தான் மற்றொன்று தெளியும்.

வீட்டில் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது. ஜெனோவா. அமலோற்பவம் விடுதிக்குள் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தாள், தாய்ப்பால் மறக்கவில்லை. கணவன் இருதயராஜ் மீன் குளிரறைகளின் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். மாலையில் வேலை முடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலங்களைக் கடந்து வருவான். விடுதிக்கும் பார்வையாளர் நடைக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. கடல் வந்து மோதினாலும் தாங்கும் கனம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கூரையில் இருக்கும் சின்னச் சல்லடைத் துளைகள் வழியாகத்தான் கேட்கும்.

முதலில் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாய்க் கனத்தது. ஜுரம் மாதிரி உடம்பு கொதித்தது. நல்லவேளையாக அதைக் காய்ச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றியது. முழுதாக வற்றிய அன்றைக்குத்தான் அமலோற்பவத்துக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதுவரை, இன்று இல்லாவிட்டால் நாளை என்று கட்டிய பையை அவிழ்க்காமலே வைத்திருந்தாள். அன்று மாற்றுத் துணிக்காக அவிழ்க்கவேண்டி வந்தது.

"செல்லம், இங்க பாரு, அம்மா இங்க" என்று அவள் கூப்பிட்டால் ஜெனோவா கூரையைப் பார்த்தாள். குரல் அங்கிருந்துதானே வருகிறது. அமலோற்பவம் கண்ணாடியில் தட்டினால் மட்டும் தட்டிய இடத்தைப் பார்ப்பாள். அதனால் அவள் பேச்சைக் குறைத்துத் தட்டுவதைக் கூட்டினாள். அவள் உள்ளே தட்ட, பிள்ளை வெளியே தட்ட, அது ஒரு விளையாட்டாக ஆனது.

டாக்டர் தாட்சாயணி தினமும் வந்தார். வைத்தியம் பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும் வந்தார். குற்ற உணர்ச்சி என்றுதான் சொல்லவேண்டும். ஒரு நாள் அமலோற்பவம் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அலுவல் மொழி வேண்டாம்னு யாரு சொன்னா? எங்க மேடையில ஒரு ஆளு சொல்லல. எல்லாருக்கும் தமிழும் ஒரு அலுவல் மொழியா இருக்குன்னு பெருமையாத்தான இருந்துச்சு."

"தமிழ் வீடுகள்லதான் ஆதரவு அதிகம்னு கணக்கு சொல்லுது அமலி. வங்காளிங்க பாதிக்குப் பாதி. மலாய்க்காரங்க வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. நம்ம ஆளுங்க சொன்னதாலதான் தீர்மானம் பாஸாச்சு."

"என்கிட்டயும் கேட்டுச்சு. நான் மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தேன். 'அலுவல் மொழிகள் இல்லாத ஏற்பாட்டை ஏற்கிறீர்களா'ன்னு வந்து நின்னுச்சு. இது என்னடா கூத்துன்னு, 'பாக்கலாம் பாக்கலாம்'ன்னேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார்.

பார்க்கலாம் என்பது என்ன சொல் என்று தமிழர்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால் பார்க்கலாம். சங்கத்தில் சேரச் சொல்லி ஒருவர் வாசலில் நின்றால் பார்க்கலாம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி மனதை முறிக்காமல் ஆளை அனுப்பிவைக்கும் சொல் அது. கேட்பானுக்கு அந்த நாசூக்கு எப்படித் தெரியும்? செய்து பார்க்கலாம், பரீட்சித்துப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஊரெல்லாம் உற்சாகமாக ஆதரித்ததாகக் கணக்கு ஏறியிருக்கிறது.

"அப்ப அந்தக் கணக்கே தப்புன்னு சொல்லுங்க."

"சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம்னா இதுதான் அர்த்தம்னு முடிவா எழுதிவெச்ச பிரதி எங்கன்னு கேக்குது. அப்படி ஒண்ணு இருக்கணும்னா தமிழ் அலுவல் மொழியா இருந்தாகணும்."

சுற்றிச் சுற்றி அதே சுவரில்தான் வந்து முட்டியது.

பக்கத்துக் கட்டிலில் ஆயிஷத் என்ற பெண் இருந்தாள். மாலத்தீவுக்காரி, திவேகி பேசுகிறவள், அதே கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றப் போய் மாட்டிக்கொண்டவள். அவளையும் அதே 'விடலாம்'தான் பிடித்து வைத்திருந்தது. அவள் பேசுவதைக் கேட்பான் தமிழாக்கிச் சொல்லும், பாடப்புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். டாக்டர் போன பிறகு ஆயிஷத் சொன்னாள்:

"அந்தக் கணக்கு மாறக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும்."

"நீயும்தான இங்க கெடக்க?"

"ஆம். நான்கு அலுவல் மொழிகள் இருந்த காலத்தில், நாங்கள் குடியிருந்த மேடையைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. நான்கு மொழிகளிலும் வந்தது. எங்கள் மொழியில் வரவில்லை. என் தந்தை அதை ஏதோ திருவிழா அறிவிப்பு என்று நினைத்தார். மேடையைக் கழற்றி இழுத்துச் சென்றபோது எங்கள் வீட்டுச் சாமான்கள் அதன்மேல் இருந்தன. இப்போது என் மொழிக்கும் உங்கள் மொழிக்கும் ஒரே உயரம்."

"ஒரே உயரத்துல ரெண்டு பேரும் அடைபட்டுக் கெடக்கோம்."

"அடைபட்டுத்தான் கிடக்கிறோம். ஆனாலும் ஒரே உயரம்."

அமலோற்பவத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தைவிட, பதில் கிடைக்காதது அதிகம் உறுத்தியது. தமிழும் அலுவல் மொழி என்று இத்தனை காலம் பெருமைப்பட்டபோது, அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்க அவசியம் இருக்கவில்லை. சில நாள் ஆயிஷத்தோடு பேசாமல் இருந்தாள். அப்புறம் இருதயராஜ் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு சாப்பாட்டுத் திறப்பு வழியாக வந்தபோது, பாதியை ஊற்றி அவள் பக்கம் தள்ளினாள். ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டிருக்கும்போது நியாயத்தை எடை போட அவளால் முடியவில்லை.

போதுமான வீடுகள் சேர்ந்து கேட்டால் பழைய கேள்வியை மறுபடி மக்கள் முன் வைப்பார்கள் என்று டாக்டர் விசாரித்துச் சொன்னார். இருதயராஜ் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளெல்லாம் ஏறி இறங்கினான். அமலோற்பவம் உள்ளே இருந்தபடியே, அவன் போகிற வீடுகளுக்குக் கேட்பான் வழியாகப் பேசினாள்.

"என்ன சொல்லுதாவ?" என்று தினமும் கேட்பாள்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. மார்க்கெட்டுல ஒருத்தர், மெஷினே எல்லாத்தையும் மாத்திக் குடுக்கும்போது அலுவல் மொழின்னு தனியா எதுக்குங்காரு. வாத்தியார் ஒருத்தர், தமிழ் மட்டும் இருந்தாப் போதும், மத்த மூணும் வேண்டாம்னு சண்டைக்கு வாராரு. எதிர் மேடையில ஒரு அம்மா, மலாய்க்காரனுக்குக் கீழ மறுபடியும் இருக்கணுமான்னு கேக்குது."

"மத்தவிய?"

இருதயராஜ் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். "பாக்கலாம்ங்காவ."

அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பிரசாரத்தின் போக்கே மாறியது. அலுவல் மொழி ஏன் வேண்டும் என்று பேசுவதை விட்டாள். "அண்ணே, கேட்பான் வந்து கேட்டா பாக்கலாம்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்தச் சொல்லு வாயிலயே வரக்கூடாது. 'வேணும்'. அவ்வளவுதான். மரியாத எல்லாம் பாக்காதீங்க, சுவருக்கு என்ன மரியாத? வேணும்னு ஒத்தச் சொல்லு." நாள் முழுக்க இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியது.

கேட்டவர்கள் சிரித்தார்கள், பிறகு புரிந்துகொண்டார்கள். பார்க்கலாம் சொன்னவர்களே அடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் சொல்லாதே என்று சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைகள் விளையாட்டில்கூட ஒருவன் பார்க்கலாம் என்றால் அவன் அவுட் என்று ஆனது. கேள்வியை மறுபடி வைக்கவேண்டும் என்ற வீடுகளின் எண்ணிக்கை நிறைந்தது.

அந்த நாட்களில்தான் ஜெனோவா நிற்கப் பழகினாள். கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, பிதுங்கிய உதட்டோடு, ஆடி ஆடி நின்றாள். ஒரு மாலை, உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி ஓர் அடி அடித்து, "அம்மா" என்றாள்.

இருதயராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அமலோற்பவம் மண்டியிட்டுத் தன் உள்ளங்கையை அந்தச் சின்னக் கையின்மேல், நடுவே கண்ணாடி இருக்க, வைத்து அழுதாள். ஆயிஷத் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தாள். அடுத்த வாரம் பிள்ளை இரண்டாவது சொல்லையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அப்பா இடுப்பில் உட்கார்ந்து ஊர் ஊராக அந்த ஒரே சொல்லைத்தானே கேட்டிருக்கிறாள். "ஏணும்" என்றாள்.

"பாத்தீங்களா? என் பிள்ளைக்குத் தெரியுது" என்று அமலோற்பவம் டாக்டரிடம் பெருமையடித்தாள். பல நாளைக்குப் பிறகு அன்று பையை மறுபடி கட்டி வைத்தாள்.

கருத்துக் கேட்கும் நாள் வந்தது. மத்தியான வேளை. நாடு முழுக்க எல்லாச் சுவர்களிலும் ஒரே சமயத்தில் மணி அடித்தது. விடுதியில் கட்டில் கட்டிலாகக் கேள்வி வந்தது. அமலோற்பவம் நிமிர்ந்து உட்கார்ந்து, வேணும், வேணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கேட்பான், நல்ல தமிழில், மிகவும் பணிவாகக் கேட்டது:

"நம் நாட்டில் அலுவல் மொழிகள் இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்றாள் அமலோற்பவம்.

தமிழில் அப்படித்தான் பதில் வரும். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். போகலாமா என்றால் போகலாம். கேட்ட சொல்லையே திருப்பிக் கொடுப்பதுதான் நமக்கு ஆமாம். வேணுமா என்று கேட்டிருந்தால் வேணும் என்று வந்திருக்கும். இருக்கலாமா என்று கேட்டதும் மனதில் உருப்போட்டதெல்லாம் பறந்து, நாக்கு பிறந்த நாளிலிருந்து பழகிய வழியில் போய்விட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வேணும்" என்றாள் உடனே. "நான் சொல்ல வந்தது வேணும்."

"நன்றி. உங்கள் கருத்து பதிவாகிவிட்டது" என்றது கேட்பான். விளக்கு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. ஆயிஷத் அவள் மொழியில் ஒரே சொல் சொன்னாள். கேட்பான் அதையும் தமிழாக்கியது. "வேண்டாம்."

மறுநாள் காலையில் டாக்டர் தாட்சாயணி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டு பேசுகிறவர்.

"தமிழ் வீடுகள்ல ஒருத்தர்கூடப் பார்க்கலாம்னு சொல்லல அமலி. ஒரே ஒருத்தர்கூட இல்ல. அவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"ஆனா?"

"எல்லாரும் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"என்னன்னு எடுத்துக்கிட்டு?"

"இருந்தாலும் இருக்கும், ஒருவேளை இருக்கக்கூடும்னு. கருத்து உறுதியில்லாதவங்கன்னு தனியா ஒதுக்கிட்டாங்க. சிலர் 'தாராளமா இருக்கலாம்'னு சொல்லியிருக்காங்க. அது 'ஏராளமாக இருக்கக்கூடும்'னு போயிருக்கு. பிடிவாதமா வேணும்னே சொன்னவங்க கைவிரல்ல எண்ணுற அளவுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவள் மேலும் கேட்கவில்லை.

"அந்தக் கேள்விய அப்படி எழுதினது யாரு? நான் போய் அவங்க கால்லயாவது விழுவேன்."

"யாரும் எழுதல. எல்லா மொழியும் சமம்ங்கறதால மூலம்னு ஒண்ணு வைக்கமாட்டாங்க. அந்தந்த மொழியில அது தானா உருவாக்கிக்கும். பணிவாக் கேக்கணும்னு மட்டும்தான் விதி."

"திரும்ப எப்ப கேக்கும்?"

"ரெண்டு தடவ பதில் வந்த கேள்விய மூணு வருஷத்துக்குத் திரும்பக் கேக்க முடியாது."

மூன்று வருடத்தில் ஜெனோவா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பாள். அமலோற்பவம் வேறு ஒன்றும் கணக்குப் போடவில்லை. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறவேண்டும்போல் இருந்தது; உதறினால் வெளியிலிருந்து வந்து தொட்டுப் பேச அந்த ஒரு கையும் இருக்காது என்று விட்டுவிட்டாள்.

அன்று மாலை இருதயராஜ் வந்தபோது இடுப்பில் பிள்ளை இல்லை.

"ஜெனோவா எங்க?"

"வீட்டுலதான். பக்கத்து வீட்டு பெர்னத்து பாத்துக்கிடுதா."

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா." அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். "அம்மாட்டப் போவோம்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா."

"ஏன், தூக்கமா?"

"இல்ல. முந்தாநாளே உன்கிட்டச் சொல்லியிருப்பேன். நீ கருத்துக் கேக்குற பதட்டத்துல இருந்த. நான் குளிச்சிக்கிட்டிருந்தேன். அவ கேட்பான் முன்னால நின்னுக்கிட்டு, 'அம்மா ஏணும்'னு சொல்லியிருக்கா. நான் வந்து பாக்கேன், பச்சை எரியுது."

அமலோற்பவம் கண்ணாடியை நெருங்கி வந்தாள். "பச்சையா? எல்லா மொழியிலயும் ஒத்துப்போச்சா?"

"ஒத்துப்போச்சு."

"அப்ப உத்தரவு ஆயிருச்சுல்லா? என்னைக் கொண்டுவந்து விடணும்னுதான அர்த்தம்? டாக்டரம்மாவக் கூப்பிடுதேன், நீங்க அத அவங்ககிட்டச் சொல்லுங்க..."

"அமலி, கேளு. சாயங்காலமே ஆள் வந்து இறக்கி வச்சுட்டுப் போயிட்டான்."

"எத?"

"கண்ணாடிய."

அவளுக்குப் புரியவில்லை.

"பிள்ளை உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. முனையெல்லாம் மழுக்கி, கீழ விழாம இருக்கத் தாங்கு வச்சு அனுப்பியிருக்கு. அதப் பாத்த பொறவுதான் எனக்கு மண்டையில ஏறுச்சு. வீட்டுல சன்னலத் தட்டி 'அம்மா'ம்பா. பெர்னத்து வீட்டு அலமாரிக் கண்ணாடியத் தட்டியும் 'அம்மா'ம்பா. உன்னத் தேடுதான்னுல்லா நான் நினைச்சேன். கேட்பான் நினைக்கல. அவ எதக் காட்டி அந்தச் சொல்லச் சொல்லுதான்னு அது பாத்துக்கிட்டே இருந்திருக்கு."

கூரையிலிருந்து வரும் குரல் வேறு, தட்டினால் தட்டும் இந்தக் குளிர்ந்த வழவழப்பு வேறு. பிள்ளைக்கு அம்மா என்று காட்டப்பட்டது இதுதான். அந்த நாட்டில் யாருடைய மொழியும் யாருடைய மொழிக்கும் கீழே இல்லை. பிள்ளையின் மொழியும் அப்படித்தான். அதில் ஒரு மயக்கமும் இல்லை, ஒரு லாமும் இல்லை.

"அதுக்கு முன்னாலயே உக்காந்துருக்கா. தட்டுதா, சிரிக்கா, முத்தம் குடுக்கா. அம்மாட்டப் போவோம்னு கூப்பிட்டா, இதுதான் இங்கயே இருக்குதேன்னு அதையே பிடிச்சுக்கிடுதா. தூக்குனா கத்துதா." இருதயராஜ் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதத் தூக்கிப் போட்டுருவேன். நீ சொன்னா இப்பவே போய்த் தூக்கிப் போட்டுருவேன்."

அமலோற்பவத்துக்குக் கத்தவேண்டும், இந்தக் கண்ணாடியை நெற்றியால் முட்டவேண்டும் என்று வந்தது. முட்டவில்லை. பிள்ளை முதன்முதலாக எழுந்து நின்ற இடத்தைப் பார்த்தாள். வெளிப்புறம் முழுக்கச் சின்ன விரல்களின் பிசுக்கு அப்பியிருந்தது. அதனாலேயே இந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையின் முகம் பல நாள் தனக்கு மங்கலாகத் தெரிந்தது என்பது ஞாபகம் வந்தது.

"தூக்கிப் போடாதீங்க" என்றாள். "கைப் பிசுக்குப் பட்டா மங்கிரும். தெனமும் தொடச்சு வைங்க. பிள்ளைக்குத் தெளிவாத் தெரியணும்."

"தொடைக்கேன்" என்றான்.